டிஎஸ்ஹெச் நார்மல், டி4 குறைவு: தைராய்டு மாத்திரை போட்டால் போதாதா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அக்காவுக்கு 37 வயது. சில வருடங்களாகவே தீராத அசதி, குளிர் தாங்கவில்லை, சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறது. ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) 2.4, ஃப்ரீ டி4 (தைராய்டே சுரக்கும் ஹார்மோன்) 0.5 என்று வந்திருக்கிறது. டிஎஸ்ஹெச்சுக்கு நேரே "நார்மல்" என்றும் டி4-க்கு நேரே "குறைவு" என்றும் அச்சாகியிருக்கிறது. டாக்டர் தைராய்டு மாத்திரை எதுவும் தரவில்லை. காலை கார்டிசால், புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், சோடியம், அப்புறம் பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். "டிஎஸ்ஹெச் நார்மல்தானே, ஒரு மாத்திரையோடு முடிய வேண்டியதற்கு இத்தனை டெஸ்ட் எதற்கு?" என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கிறார்: 9 வருடத்துக்கு முன் பிரசவத்தில் நிறைய ரத்தம் போய் 4 பாட்டில் ஏற்றினார்கள், அதற்குப் பிறகு மாதவிடாய் வரவேயில்லை, பலவீனம் என்று விட்டுவிட்டோம், தாய்ப்பாலும் ஊறவில்லை.

என்னைக் கேட்டால் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிகளில்தான் இருக்கிறது. நேரில் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த டாக்டர் ஏன் அப்படி யோசித்தார் என்பதைச் சொல்ல முடியும்.

பிட்யூட்டரி, மூக்குக்குப் பின்னால் மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு சின்ன எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிற பட்டாணி அளவுச் சுரப்பி. எடை அரை கிராம் அளவுதான். தைராய்டு, அட்ரினல், சூலகம், விந்தகம் எல்லாமே அது அனுப்பும் ஹார்மோனைப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன. வேலை நடக்கிற இடத்தில் நிற்கும் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் ஒழுங்காக வேலை செய்தால் மேஸ்திரி சாதாரணக் குரலில் பேசுவார். வேலை மந்தமானால் சத்தம் ஏறும். தேவைக்கு மேல் வேலை நடந்தால் வாயை மூடிக்கொள்வார். டிஎஸ்ஹெச் என்பது தைராய்டைப் பார்த்து பிட்யூட்டரி போடும் சத்தம். இந்தக் காது மிகக் கூர்மையானது. ரத்தத்தில் ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்ஹெச் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ அல்ல, கிட்டத்தட்ட நூறு மடங்கு ஏறும்.

அதனால்தான் தைராய்டுக்கு முதல் டெஸ்டாக டிஎஸ்ஹெச்சைப் பார்க்கிறோம். சத்தத்தை அளந்தாலே வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு தைராய்டிலேயே இருப்பதால் இந்தக் குறுக்குவழி அழகாக வேலை செய்கிறது. ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: மேஸ்திரியின் தொண்டை நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கை.

இப்போது அக்காவின் ரிப்போர்ட்டைப் பாருங்கள். ஃப்ரீ டி4 பொதுவாக 0.8 முதல் 1.8 வரை இருக்க வேண்டும்; இவருக்கு 0.5. தைராய்டு மட்டும் கெட்டிருந்தால் இந்த அளவுக்கு டிஎஸ்ஹெச் 20, 50, ஏன் 100-க்கு மேல்கூடப் போயிருக்கும். 2.4 என்பது எல்லாம் சரியாக நடக்கும்போது வர வேண்டிய குரல். வேலை பாதி நின்றுபோன இடத்தில் அதே நிதானமான குரல் கேட்டால், தொண்டையைத்தான் சந்தேகப்பட வேண்டும். ரிப்போர்ட் அச்சடிக்கும் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. ஆரோக்கியமானவர்களின் அளவோடு ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஒப்பிட்டு "நார்மல்" என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். இரண்டு வரியையும் சேர்த்துப் படிப்பது மனிதர் வேலை. உங்கள் டாக்டர் அதைச் செய்திருக்கிறார்.

"சரி, தொண்டை போயிருந்தால் டிஎஸ்ஹெச் பூஜ்யமாக அல்லவா இருக்க வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிட்யூட்டரியோ, அதற்கு மேலே மூளையில் இருந்து அதை நடத்தும் ஹைப்போதலாமஸோ பழுதாகி வரும் தைராய்டு குறைவில் டிஎஸ்ஹெச் குறைவாகவும் இருக்கலாம், நார்மலாகவும் இருக்கலாம், சிலருக்கு லேசாகக் கூடுதலாகவும் இருக்கும். காரணம், டிஎஸ்ஹெச் ஒரு புரதம். அதன் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். ஹைப்போதலாமஸிலிருந்து சரியான தூண்டுதல் வராதபோது அந்தச் சங்கிலிகள் ஒழுங்காக அமைவதில்லை. லேப் இயந்திரம் அதை டிஎஸ்ஹெச் என்றுதான் எண்ணிக் காட்டும். தைராய்டோ அதைச் சரியாக மதிப்பதில்லை. எண்ணிக்கை இருக்கிறது, வலு இல்லை.

இதே மாதிரி ரிப்போர்ட் வர வேறு வழிகளும் உண்டு. கடுமையான நோயோடு தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு டி4 குறைந்து டிஎஸ்ஹெச் ஏறாமலே இருக்கும். உடம்பு தேறினால் அது தானாகச் சரியாகும். அதிக தைராய்டுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கும் சில வாரங்கள் டிஎஸ்ஹெச் எழுந்திருக்காது. முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னொரு ரகம். சில லேப் முறைகளில் அது டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். அக்காவின் ரிப்போர்ட் அப்படி இல்லை, ஆனாலும் பயோட்டின் சாப்பிட்டால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பு நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

ஜோடியாகப் படிக்கும் இந்த விதி தைராய்டோடு நிற்பதில்லை. சூலகத்தைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்பும் எஃப்எஸ்ஹெச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 30 வயதுப் பெண்ணுக்கு 5 என்று வந்தால் யாரும் கவலைப்பட வேண்டாம். அதே 5, மாதவிடாய் நின்று பத்து வருடமான 60 வயதுப் பெண்ணுக்கு வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். சூலகம் ஓய்ந்தபின் பிட்யூட்டரி கத்திக்கொண்டே இருக்க வேண்டும், எஃப்எஸ்ஹெச் பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். அந்த வயதில் 5 என்றால் கத்த ஆளில்லை என்று பொருள். அக்காவுக்கு எஃப்எஸ்ஹெச் கேட்டதும் இதற்குத்தான். 37 வயதில் மாதவிடாய் நின்றதற்கு சூலகம் காரணமானால் எஃப்எஸ்ஹெச் உயர்ந்திருக்கும். சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் குறைவு, எஃப்எஸ்ஹெச்சும் குறைவு அல்லது "நார்மல்" என்றால் விரல் மறுபடியும் பிட்யூட்டரிப் பக்கம் திரும்பும்.

இனி கார்டிசால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரக்கும் ஹார்மோன். தைராய்டு மாத்திரை ஏன் உடனே தரவில்லை என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது. பிட்யூட்டரியின் ஒரு பகுதி போயிருந்தால் இன்னொரு பகுதியும் போயிருக்கலாம். அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஹெச் இல்லையென்றால் கார்டிசால் சுரப்பது குறையும். தைராய்டு ஹார்மோனும் குறைவாக இருக்கும்வரை உடம்பு மெதுவாக ஓடும், இருக்கிற கொஞ்சம் கார்டிசாலும் மெதுவாகவே செலவாகும், ஆள் எப்படியோ சமாளிப்பார். இந்த நிலையில் தைராக்ஸின் (டி4 மாத்திரை) கொடுத்தால் உடம்பின் வேகம் கூடும், கார்டிசால் வேகமாகக் கழியும், ஈடுகட்ட அட்ரினலால் முடியாது. வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது, சர்க்கரை இறங்குவது, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தான இடத்துக்குப் போகலாம். அதனால் வரிசை மாறக்கூடாது: முதலில் கார்டிசாலைப் பார்ப்பது, குறைவாக இருந்தால் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் தொடங்குவது, அதற்கப்புறம்தான் தைராக்ஸின். "ஒரு மாத்திரையோடு முடிய வேண்டியது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது இதனால்தான்.

கார்டிசாலைக் காலை 8 மணி வாக்கில் எடுக்கச் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. விடியும்போது உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போகும். மாலையில் எடுத்த கார்டிசாலை வைத்துக் குறைவு என்று சொல்ல முடியாது. காலையில் ஒரு டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்று ஏறத்தாழ முடிவு செய்யலாம். 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. இடைப்பட்டால், செயற்கை ஏசிடிஹெச் 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து கார்டிசால் எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. பிட்யூட்டரி போய்ச் சில வாரங்களே ஆகியிருந்தால் அட்ரினல் இன்னும் சுருங்கியிருக்காது, ஊசிக்கு நன்றாகவே பதில் சொல்லும், டெஸ்ட் நார்மல் என்று ஏமாற்றும். 9 வருடக் கதையில் அந்தச் சிக்கல் இல்லை. அக்கா கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டி, அளவை உண்மையைவிட அதிகமாகக் காட்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு நாள்கணக்கில் எடுத்திருந்தால் அதுவும் முக்கியம். வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைக் கண்டு பிட்யூட்டரி ஏசிடிஹெச் அனுப்புவதையே நிறுத்திவிடும், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இதே பற்றாக்குறை வரும்.

தோலையும் ஒருமுறை கவனியுங்கள். அட்ரினலே கெட்டுப்போனால் பிட்யூட்டரி ஏசிடிஹெச்சைக் கொட்டும். அது தோலின் நிறமிச் செல்களையும் தூண்டுவதால் உள்ளங்கை ரேகை, ஈறு, பழைய தழும்பு எல்லாம் கருக்கும். பிட்யூட்டரி போனவர்களுக்கு நேர்மாறு, வெளுத்துப்போய் இருப்பார்கள். பொட்டாசியமும் அவர்களுக்கு ஏறாது. உப்பைக் கவனிக்கும் ஆல்டோஸ்டிரோன், ஏசிடிஹெச்சைப் பெரிதாக நம்பியில்லை; சிறுநீரகத்திலிருந்து கிளம்பும் ரெனின்தான் அதை நடத்துகிறது. ஆனால் சோடியம் குறையலாம். கார்டிசால் இல்லாவிட்டால் உடம்பால் அதிகப்படி நீரை வெளியேற்ற முடியாது, நீர் தேங்கி சோடியம் நீர்த்துப்போகும். எந்தக் காரணமும் தெரியாமல் சோடியம் 125 என்று மருத்துவமனையில் சேர்கிறவர்களில் சிலருக்கு விஷயம் கடைசியில் இதுவாக இருக்கும்.

இப்போது அந்தப் பிரசவம். கர்ப்பத்தின்போது, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் செல்கள் பெருகி பிட்யூட்டரி நன்றாகப் பெருத்துவிடும். ஆனால் அதன் முன்பகுதிக்கு ரத்தம் வருவது பெரும்பாலும் ஹைப்போதலாமஸிலிருந்து இறங்கும் அழுத்தம் குறைந்த சிரைகள் வழியாக. பெருத்த சுரப்பி, அழுத்தமில்லாத குழாய். அந்த நேரத்தில் பெரிய ரத்தப்போக்கால் ரத்த அழுத்தம் விழுந்தால் முன்பகுதி பட்டினி கிடந்து கருகிவிடும். இதை 1937-இல் விரிவாக எழுதிய ஹரால்ட் ஷீஹனின் பெயரில் ஷீஹன் சிண்ட்ரோம் என்கிறோம். முதல் அடையாளம் குழந்தை பிறந்த வாரத்திலேயே தெரியும்: பால் ஊறாது. அடுத்தது, மாதவிடாய் திரும்பாது. மழித்த முடி மறுபடி வளராமல் போவதும் உண்டு. அப்புறம் வருடக்கணக்கில் அசதி, குளிர், தலைசுற்றல் என்று ஒன்றொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: ரத்தம் போனதால் பலவீனம், குழந்தை வளர்க்கும் களைப்பு, பால் இல்லாதது சிலருக்கு அப்படித்தான். அதனாலேயே கண்டுபிடிக்கப் பத்து வருடம், அதற்கு மேலும்கூட ஆகிவிடுகிறது. எம்ஆர்ஐயில் பெரும்பாலும் பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி காலியாகவோ பாதி காலியாகவோ தெரியும்.

ஷீஹனா, கட்டியா என்று புரோலாக்டின் டெஸ்ட் இங்கே பிரித்துக்காட்டும். மற்ற ஹார்மோன்களை ஹைப்போதலாமஸ் தூண்டிவிடுகிறது. புரோலாக்டினை மட்டும் டோபமைன் அனுப்பி எப்போதும் அடக்கிவைக்கிறது. ஆகவே ஹைப்போதலாமஸுக்கும் பிட்யூட்டரிக்கும் இடையிலுள்ள தண்டை ஏதாவது ஒரு கட்டி அழுத்தினால் எல்லாம் குறையும், புரோலாக்டின் மட்டும் ஏறும். அப்படி ஏறுவது பொதுவாக 100-ஐத் தாண்டாது. 200, 250-ஐத் தாண்டினால் கட்டியே புரோலாக்டின் சுரக்கிறது என்று பொருள். பிட்யூட்டரிக் கட்டி என்றாலே ஆபரேஷன் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: இந்தவகைக் கட்டி பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். வாந்திக்கான டோம்பெரிடோன், சில மனநல மருந்துகள்கூட புரோலாக்டினை ஏற்றும், அவற்றையும் விசாரிக்க வேண்டும். அக்காவுக்கு ஷீஹன் என்றால் புரோலாக்டின் அடிமட்டத்தில் இருக்கும். உயர்ந்திருந்தால் கதை வேறு, கட்டியைத் தேட வேண்டும்.

ஹைப்போதலாமஸ் பேசும் விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் இரண்டையும் சுரக்க வைக்கும் ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனை, 1970-களில் எர்ன்ஸ்ட் நோபில் என்ற ஆய்வாளரின் குழுவினர், அது சுரக்காத குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மணிக்கு ஒருமுறை சிறு துடிப்பாகக் கொடுத்தபோது பிட்யூட்டரி விழித்துக்கொண்டது. அதே ஹார்மோனை இடைவிடாமல் சொட்டச்சொட்டக் கொடுத்தபோது பிட்யூட்டரி தூங்கிவிட்டது. அளவைவிடத் தாளம்தான் செய்தி. புரோஸ்டேட் புற்றுநோய்க்கும் வயதுக்கு முன்பே பருவமடையும் குழந்தைகளுக்கும் இதே குடும்பத்து ஊசியை நீண்ட நேரம் வேலை செய்யும்படி தந்து சுரப்பை அடக்குவது இந்த அறிவை வைத்துத்தான். துடிப்பாகச் சுரப்பதால்தான் வளர்ச்சி ஹார்மோனை ஏதோ ஒரு நேரத்தில் அளந்து பயனில்லை. அதற்குப் பதில், வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் சுரந்து நாள் முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும் ஐஜிஎஃப்-1 பார்க்கிறோம்.

மிகையாகச் சுரக்கும் நோய்களில் டெஸ்டின் போக்கு தலைகீழ். குறைவு என்றால் தூண்டிப் பார்ப்போம், மிகை என்றால் அடக்கிப் பார்ப்போம். கார்டிசால் மிகையாகும் குஷிங் நோயில் இரவு 1 மில்லிகிராம் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து மறுநாள் காலை கார்டிசால் 1.8-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். மோதிரம் இறுகி, செருப்பு அளவு கூடிக்கொண்டே போகும் அக்ரோமெகலியில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து வளர்ச்சி ஹார்மோன் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். அக்காவுக்கு இவை தேவைப்படாது.

சிகிச்சை பற்றி. ஷீஹன் என்று உறுதியானால் இல்லாததை ஈடுசெய்வதுதான் வைத்தியம், அது வாழ்நாள் முழுக்க. ஹைட்ரோகார்டிசோன் பொதுவாக ஒரு நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம், காலையில் அதிகமும் பிறகு குறைவுமாகப் பிரித்து. காய்ச்சல் வந்தால் டாக்டர் சொல்லித்தரும்படி இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் காத்திருக்காமல் ஊசிக்குப் போக வேண்டும். ஆரம்பித்த சில நாளில் திடீரென்று லிட்டர் லிட்டராகச் சிறுநீர் போனால் சொல்லுங்கள். நீரைத் தடுத்து நிறுத்தும் வாசோபிரசின் குறைபாடு இருந்தும் கார்டிசால் இல்லாததால் மறைந்திருந்து, ஸ்டீராய்டு வந்ததும் வெளிப்படுவது உண்டு. ஷீஹனில் இது அபூர்வம், பின்பகுதிக்குத் தனித் தமனி இருப்பதால் அது பெரும்பாலும் தப்பித்துவிடும். அப்புறம் தைராக்ஸின், வயதைப் பொறுத்து ஈஸ்ட்ரோஜன்.

தைராக்ஸின் அளவைச் சரிபார்க்க இனி டிஎஸ்ஹெச் உதவாது, ஃப்ரீ டி4-ஐத்தான் பார்க்க வேண்டும். அது நார்மல் எல்லையின் மேல்பாதியில் இருந்தால் நல்லது. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு வாரம் எடுக்கும் மெதுவான ஹார்மோன் என்பதால், அளவை மாற்றியபின் ஆறு வாரம் பொறுத்துத்தான் மறுபடி டெஸ்ட். சரியான அளவில் மாத்திரை சாப்பிட்டால் அக்காவின் டிஎஸ்ஹெச் 0.05 என்று வரலாம். என்றைக்காவது கதை தெரியாத ஒருவர் அதைப் பார்த்து "மாத்திரை அதிகமாகிவிட்டது" என்று பாதியாகக் குறைப்பார். பழைய அசதி திரும்பிவிடும். இப்படி நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஃபைலின் முதல் பக்கத்திலேயே "பிட்யூட்டரிக் குறைபாடு, டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால் அதுவும் அடைபட்ட வழி இல்லை. சூலகம் நன்றாகத்தான் இருக்கும், அதைத் தூண்டும் குரல்தான் இல்லை. அந்த ஹார்மோன்களை ஊசியாகத் தர முடியும்.

கார்டிசால் ரிசல்ட் வந்து டாக்டர் சொல்லும்வரை தைராய்டு மாத்திரை எதையும் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குள் வாந்தி, கடுமையான தலைசுற்றல், குழப்பமான பேச்சு என்று எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போய் "கார்டிசால் குறைவு என்ற சந்தேகத்தில் இருக்கிறார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அப்புறம் ஒரு சின்ன விசாரிப்பு: அந்தப் பிரசவத்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா, இல்லை என்னிடம் சொன்னதுபோல் கடைசியில் வைத்துக்கொண்டீர்களா? அன்றைய டிஸ்சார்ஜ் தாள் எங்காவது இருந்தால், எத்தனை பாட்டில் ரத்தம், எவ்வளவு நேரம் அழுத்தம் குறைந்திருந்தது என்ற விவரத்தோடு, எம்ஆர்ஐக்குப் போகும்போது கையில் எடுத்துப் போங்கள்.